பிசிறுக்கு வயது பதின்மூன்று

2026ஆம் ஆண்டு பிப்ரவரி நான்காம் நாள், புதன்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் பனி முற்றிலும் விலகி, வெயில் இளஞ்சூடாக ஏறத் தொடங்கியிருந்தது. வானத்தில் மேகம் ஒன்றும் இல்லை. இவ்வளவு தெளிவான காலைப் பொழுதில் ராஜவேலின் கணினித் திரையில் ஒரு வரி சிவப்பாக வந்து நின்றது.

‘கணக்கு எண் 217. புனைபெயர்: பிசிறு. மதிப்பிடப்பட்ட வயது: 13.’

ராஜவேல் அதை மூன்று முறை படித்தார். எழுத்துப் பிழை இல்லை. பிழையே இல்லாத ஒரு வரி தம்மை இந்த அளவுக்குக் கலங்கச் செய்யும் என்று அவர் எண்ணியதில்லை.

அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் அந்தப் பின்னலாடைக் கம்பெனியில் அவர் கம்ப்ளையன்ஸ் மேனேஜர். விதிகள் நிறைவேறுகின்றனவா என்று பார்ப்பதும், நிறைவேறுகின்றன என்று எழுதுவதும் அவர் பணி. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று நினைப்பது அவர் குணம்.

அவர் பொறுப்பில் இருந்தவற்றுள் அவருக்கு மிகவும் பிடித்தது குறைப்பலகை. ஐரோப்பிய வாங்குநர் வற்புறுத்தியதால் தொடங்கிய இணையப் பக்கம் அது. கேன்டீன் வாசலில் ஒரு பெட்டி இருக்கும். கையைவிட்டு ஒரு டோக்கனை எடுத்து, அதிலுள்ள எண்ணைக் கொண்டு போனில் கணக்குத் தொடங்கி, புனைபெயரில் எதையும் எழுதலாம். எழுதியவர் யார் என்று எவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள முயல்வதும் குற்றம்.

குழந்தைகளின் இணையப் பாதுகாப்புக்கான விதிகள் இறுகி வருவதால், அதே வாங்குநர் அண்மையில் இன்னொன்றையும் வற்புறுத்தினார். பதினெட்டு வயது நிரம்பாதவர் எழுதுவதானால் பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். எனவே திங்கட்கிழமை முதல் பக்கத்தின் வாசலில் ஒரு கேமரா வந்து உட்கார்ந்தது. அது முகத்தை ஒரு நொடி பார்க்கும்; வயதைச் சொல்லும்; முகத்தை மறந்துவிடும். ராஜவேலுக்கு வயது நாற்பத்துநான்கு. அது நாற்பத்துமூன்று என்றது. காவலாளி சோணைமுத்துவை ஓர் ஆண்டு கூட்டிச் சொன்னது. மனிதவளப் பிரிவின் கலைமகளை ஐந்து ஆண்டு குறைத்துச் சொன்னது. அன்றுமுதல் கலைமகள் அந்தக் கேமராவைப் பற்றி ஒரு குறை சொல்லவும் யாரையும் விட்டதில்லை.

அந்தக் கேமராதான் பிசிறைப் பதின்மூன்று என்கிறது.

மூன்று மாதங்களாகப் பிசிறு எழுதிய முப்பத்தொரு பதிவுகளையும் ராஜவேல் மனப்பாடமாக அறிவார். ‘மூன்றாம் தளத்து அவசரக் கதவு பூட்டியிருக்கிறது. சாவி கிட்டுசாமியிடம் இருக்கிறது. கிட்டுசாமி டீக்கடையில் இருக்கிறார். தீ அதுவரை காத்திருக்குமா என்று விசாரித்துச் சொல்லவும்.’ அன்று மாலையே பூட்டு கழன்றது. ‘காலருக்கு ரிப் பின்னல் இறுக்கமாக ஓடுகிறது. ரிப்போர்ட்டைப் பிடித்துப் பார்த்தால் தெரியாது; துணியைப் பிடித்துப் பார்த்தால் தெரியும்.’ பிடித்துப் பார்த்தார்கள், தெரிந்தது. பிறகு, ராஜவேல் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்ட ஒன்று: ‘காப்பகத்துத் தொட்டில் பாய்லர் அறைச் சுவரை ஒட்டி இருக்கிறது. சுவர் சுடுகிறது. குழந்தைகளுக்குக் குறைப்பலகையில் கணக்கு இல்லாததால் நான் எழுதுகிறேன்.’

ஒரு சொல்லை எடுக்க முடியாது. ஒரு சொல்லைச் சேர்க்கவும் முடியாது. ஐம்பது வயதுக் கட்டிங் மாஸ்டர் யாரோ என்று அவர் நினைத்திருந்தார். பதின்மூன்று! ராஜவேலுக்குக் கைம்மயிர் சிலிர்த்தது. அடுத்த நொடி, எந்த ஊரில் இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. வேறு ஊரில் ஒரு பிள்ளை பெரியவர்களின் இணையப் பக்கத்தில் நுழைந்தால் போனைப் பிடுங்கி வைப்பார்கள். திருப்பூரில் ஒரு பிள்ளையின் கையில் தொழிலாளர் டோக்கன் இருந்தால் அதற்குப் பொருள் ஒன்றுதான்.

சிவப்பு வரிக்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னொன்று இருந்தது. ஒப்புதல் வரும்வரை எதுவும் எழுத முடியாதபடி கணக்கு பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பாதுகாவலரின் கையெழுத்திட்ட ஒப்புதல் வராவிட்டால், கணக்கும் முப்பத்தொரு பதிவுகளும் அழிக்கப்படும். அழிப்பாணையில் கையெழுத்திடவேண்டியவர்: ராஜவேல்.

அவர் நிர்வாக இயக்குநரின் அறைக்கு ஓடினார்.

“சார், நம்ம கம்பெனிக்குள்ள ஒரு கொழந்த இருக்குதுங்க.”

வேல்குமார் லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை. “காப்பகத்துல நாப்பது இருக்குது. அதுக்கென்னங்க இப்ப?”

“அதில்லீங்க சார். பிசிறுங்க. வயசு பதிமூணுன்னு கேமரா சொல்லுது.”

வேல்குமார் நிமிர்ந்தார். அச்சம் வருவதற்குமுன் வியப்பு வந்துவிட்டது. “காலர் ரிப்ப எழுதுன பிசிறா? பதிமூணு வயசுல எனக்கு ரிப்பு எது, இன்டர்லாக் எதுன்னே தெரியாதுங்களே!”

“இப்பத் தெரியுங்களா கண்ணு?” என்று அறையின் மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

குரல், வேல்குமாரின் தந்தை நாச்சிமுத்துவுடையது. நான்கு மெஷினோடு கம்பெனியைத் தொடங்கியவர். போன தீபாவளியோடு பொறுப்பை மகனிடம் கொடுத்துவிட்டுக் கௌரவத் தலைவர் ஆகியிருந்தார். அப்பதவிக்கு மூலையில் ஒரு நாற்காலி உண்டு. கூட்டங்களில் பேசுவதற்குப் பொருள் எதுவும் கிடையாது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோய் முடியிறக்கித் திரும்பியிருந்ததால், இந்த வாரம் மட்டும் பஞ்சாமிர்தம் கொடுக்கும் வேலை இருந்தது.

கலைமகள் வரவழைக்கப்பட்டார்.

“அந்தக் கணக்க மூடிருங்க சார்” என்றார் அவர். “போன மாசம் எம் பொண்ணு போன்ல எவனோ ஒருத்தன் அக்கான்னு பேரு வெச்சுட்டுப் பேசி, போட்டோ அனுப்புன்னு கேட்டான். ஏழாவது படிக்கிறா. எனக்கு ஒரு வாரம் சோறு எறங்கல. பதிமூணு வயசுப் புள்ளைக்குப் பலகையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

“மூடறது சுலபமுங்க” என்றார் ராஜவேல். “வாங்குநர் ஒப்பந்தத்துல பதினாலாவது விதி, எழுதுனவங்க வாய அடைக்கக் கூடாதுங்குது. மூடுனா அது தப்பு. மூடாட்டி இது தப்பு. ஆருன்னு தேடுனா அதவிடப் பெரிய தப்பு. தேடாட்டி, உள்ள ஒரு கொழந்த வேல செய்யுதுன்னு தெரிஞ்சும் சும்மா இருந்தோம்னு ஆகுமுங்க. வெள்ளிக்கெழம ஆடிட்டுங்க சார்.”

“நான் ஒண்ணு சொல்லோணும்” என்றார் நாச்சிமுத்து.

“அப்பா, பஞ்சாமிர்தம் எல்லாருக்கும் குடுத்தாச்சுங்களா?” என்றார் வேல்குமார்.

“குடுத்தாச்சு.”

“கட்டிங்குக்கு?”

நாச்சிமுத்து டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வேல்குமாரின் முதல் தீர்வு, பிசிறைத் தேடாமல் எல்லாரையும் சரிபார்ப்பது. தையல் வரிசைகள் நின்றன. அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் வயதுச் சான்றோடு கேன்டீனில் நின்றார்கள். அவர்களுள் நூற்று நாற்பத்தொரு பேர் ஜனவரி முதல் தேதி பிறந்திருந்தார்கள். பதினெட்டுக்குக் கீழே ஒருவரும் இல்லை. எங்காவது பிள்ளையை ஒளித்துவைத்திருக்கிறார்களா என்று பார்க்க அனுப்பிய சோணைமுத்து, வேஸ்ட் துணி குடோனிலிருந்து திரும்பிவந்தார்.

“பதிமூணு வயசுல யாரையுங் காணோம் சார். பதிமூணு நாள்ல நாலஞ்சு கெடக்கு. தாய்ப்பூன சீறுது, எண்ணிப் பாக்க விடமாட்டேங்குது.”

சரிபார்த்ததில் இரண்டு விளைவுகள் ஏற்பட்டன. ஒன்று, எழுதுபவர்களைப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று எல்லாரும் நம்பினார்கள். நாளுக்கு இருபது பதிவு வரும் குறைப்பலகை ஊமையாயிற்று. பிற்பகலில் ஒரே ஒரு கேள்வி மட்டும், தொண்ணூறு வெவ்வேறு பெயர்களில் வந்தது: ‘பிசிறு எங்கே?’

இரண்டாவது, பிசிறுக்குப் பதின்மூன்று வயது என்ற செய்தி வெளியே போனது. அயர்னிங் பகுதியில் இஸ்திரியை நிறுத்திவிட்டு வியந்தார்கள். செக்கிங் மேசையில் வியந்தார்கள். கிட்டுசாமிகூட, தம் சாவியைப் பிடுங்கவைத்தது ஒரு குழந்தை என்று கேட்டுக் கைகூப்பியதாகச் சொன்னார்கள்.

பயத்தைப் போக்க, இரண்டாவது தீர்வு. மாலை ஷிப்ட் முடியும்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பு: ‘பிசிறு என்ற பெயரில் எழுதும் குழந்தை அஞ்சவேண்டியதில்லை. அக்குழந்தையின் படிப்புச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும்.’ எழுதியவர் ராஜவேல். அதில் இலக்கணப் பிழை இல்லை. பிழை வேறிடத்தில் இருந்தது என்பது வியாழக்கிழமை காலை எட்டு இருபதுக்கு விளங்கியது.

“சார், கேட்டுக்கு வாங்க” என்று சோணைமுத்து போனில் அழைத்தார். “பத்தொம்போது பிள்ளைக நிக்கிதுக. பத்தொம்போதும் நாந்தேன் பிசிறுங்குதுக. கூட்டியாந்த ஆத்தாமாரு ஒருத்திய ஒருத்தி மொறச்சுக்கிட்டு நிக்கிறாக.”

சீருடையில், எண்ணெய் வைத்து வாரிய தலையோடு, பத்தொன்பது குழந்தைகள் ஒரு பின்னலாடைக் கம்பெனியின் வாசலில், தணிக்கைக்கு முந்தின நாள் நின்றார்கள். சாலைக்கு எதிரே ஒருவர் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“உள்ள உடாதீங்க!” என்றார் வேல்குமார்.

“வெளிய நின்னாலும் கம்பெனி வாசல்தானுங்க சார்.”

“அப்ப உள்ள உடுங்க! எல்லாத்துக்கும் ஆளுக்கொரு ரிப் துணியக் குடுங்க. தொட்டுப் பாத்து எது சொல்லுதோ அதான் பிசிறு.”

“கொழந்தைங்க கையில துணியக் குடுத்து வரிசையா உக்கார வெச்சா, அதுக்குப் பேரு வேறீங்க சார்” என்றார் ராஜவேல்.

“நான் ஒண்ணு சொல்றனே...” என்று படியிறங்கி வந்தார் நாச்சிமுத்து.

“அப்பா, நல்ல நேரத்துல வந்தீங்க. கொழந்தைங்களுக்குப் பஞ்சாமிர்தம் குடுங்க.”

துணிக்குப் பதிலாகத் தாள் கொடுத்தார்கள். கம்பெனியைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். கேன்டீனில் பத்தொன்பது தலைகள் குனிந்தன. பத்து நிமிடம் மின்விசிறிச் சத்தம் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ராஜவேல் தாள்களை வாங்கி நின்றபடியே படித்தார். மூன்றாவது தாளுக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

‘கம்பெனி பஸ்ஸில் ஏறும் படி உயரம், என் அம்மாவுக்கு முட்டி வலி.’ ‘சூப்பர்வைசர் மாமா திட்டுவதை அம்மா வீட்டில் வந்து எங்களிடம் திரும்பச் சொல்லிக்காட்டுகிறார், அதே சத்தத்தில்.’ ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பீகாரிலிருந்து வந்த நிட்டிங் ஆபரேட்டரின் மகள், இப்படி எழுதியிருந்தாள்: ‘ஓவர்டைம் உண்டா இல்லையா என்பதை மதியமே சொல்லிவிட்டால், இரவுக்கு எவ்வளவு சோறு வடிப்பது என்று எனக்குத் தெரியும்.’ அவள் தந்தை தாளை எட்டிப் பார்த்து, “க்யா லிகா?” என்று கேட்டார். அவள் எழுதியதை இந்தியில் சொன்னாள். அவர் தாளையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, ஏதோ கோயிலுக்குள் நிற்பவர்போலத் தொப்பியைக் கழற்றினார்.

“பத்தொம்பதுல ஒண்ணும் பிசிறு இல்லீங்க” என்றார் ராஜவேல், கலைமகளிடம். “ஆனா ஒண்ணுகூடச் சும்மா எழுதலீங்க.”

கலைமகள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“எனக்கு அதுதானுங்க சார் பயமே” என்றார் கடைசியில். “இத்தன சொல்ல வெச்சிருக்குதுங்க. காது குடுக்க நமக்கு நேரமில்ல. அப்பறம் எவனாச்சும் போன்ல வந்து சொல்லு கண்ணுன்னு ஒரு வார்த்த கேட்டாப் போதும், எல்லாத்தையும் சொல்லிருதுங்க.” பிறகு மெதுவாக, “பிசிற மூட வேண்டாமுங்க. பெத்தவங்க கையெழுத்தோட எழுதட்டும்” என்றார்.

ராஜவேல் அன்று பகல் முழுவதும் உட்கார்ந்து ஒப்புதல் படிவத்தை எழுதினார். பதினோரு முறை திருத்தினார். பிள்ளையின் பெயர் தேவையில்லை, கணக்கு எண் போதும். பாதுகாவலரின் பெயரும் கையெழுத்தும் உள்ள பகுதியை மடித்து ஒட்டிவிட வேண்டும். தணிக்கையாளர் மட்டும் பிரித்துப் பார்ப்பார். பிள்ளையும் காக்கப்படும், பெயரும் காக்கப்படும், பேச்சும் காக்கப்படும். படிவத்தைப் பிசிறின் பூட்டிய கணக்குக்கு அனுப்பினார். நூறு படிகளைக் கேன்டீன் மேசையில் அடுக்கினார்.

“எனக்கொண்ணு குடு கண்ணு” என்று நாச்சிமுத்து கையை நீட்டினார்.

“உங்களுக்கு எதுக்குங்க ஐயா?”

“சும்மா பாக்கலாம்னுதான். இந்தப் பாதுகாவலர்ங்கறது ஆருங்க? அப்பன் ஆத்தா இல்லாத புள்ளையா இருந்துதுன்னா?”

தாய்தந்தை இல்லாத பிள்ளைக்காகவும் யோசிக்கும் அந்த மனத்துக்காக ராஜவேல் எழுந்து நின்றார். “ஊட்டுல அதட்டி வெச்சிருக்கற பெரியவங்க ஆரா இருந்தாலுஞ் செல்லுமுங்க ஐயா.”

“அதட்டி வெச்சிருக்கறவங்கன்னா செரி” என்று சொல்லி, அவர் படிவத்தை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு ஐம்பது. சென்னையிலிருந்து வந்திருந்த தணிக்கையாளர் அம்மையார் எல்லாவற்றையும் பார்த்து முடித்திருந்தார். அவசரக் கதவைத் தாமே தள்ளித் திறந்து பார்த்தார். தொட்டிலைத் தொட்டுப் பார்த்தார். வேல்குமாரின் அறையில் மூலை நாற்காலி காலியாக இருந்ததால் அதில் அவருடைய கைப்பையை வைத்திருந்தார்கள்.

“மிச்சம் ஒண்ணுதான்” என்றார் அவர். “இருநூற்றுப் பதினேழு. ஒப்புதல் வந்ததா?”

“இல்லீங்க மேடம்.”

“அப்ப அழிக்கணும். குழந்தை விஷயத்துல நான் இறங்கி வரமாட்டேன், மிஸ்டர் ராஜவேல்.”

“இறங்கி வரச் சொல்லலீங்க. நீங்க தள்ளுன கதவு தெறந்துச்சுங்களே, அது இந்தப் புள்ள எழுதித் தெறந்த கதவுங்க. அந்தத் தொட்டிலும் அது நகத்துனதுங்க. இத்தன வருசத்துல நான் எழுதுன ரிப்போர்ட் எதுவும் ஒரு தொட்டில ஒரு அடி நகத்தலீங்க.”

தணிக்கையாளர் கடிகாரத்தைக் காட்டினார்.

ராஜவேல் பேனாவைத் திறந்தார். அழிப்பாணையில் தம் பெயரை எழுதத் தொடங்கினார். முதன்முறையாக அவர் கையெழுத்து கோணலாக விழுந்தது. கடைசி எழுத்துக்கு முன், போர்ட்டிகோவில் கார் வந்து நின்ற ஓசை கேட்டது. கதவைத் தட்டிக்கொண்டு டிரைவர் வெள்ளியங்கிரி உள்ளே வந்து, பழுப்பு உறையொன்றை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

“இருநூத்திப் பதினேழுக்குங்க.”

தணிக்கையாளர் வாங்கிப் பிரித்தார். ஒட்டியிருந்த பகுதியைத் தாம் மட்டும் பார்த்தார். புருவம் சிறிது உயர்ந்தது. “பாதுகாவலர் கையெழுத்து இருக்கு. செல்லும்” என்றார். பிறகு நிபந்தனைகளை உரக்கப் படித்தார். “ஒரு நாளைக்கு அரைமணி நேரம் மட்டும் எழுதலாம். சாப்பிடும்போது போன் கூடாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கூடவே கூடாது. மாத்திரை போட்ட பிறகுதான் போன் கையில் கொடுக்கப்படும்.”

“அய்யோ பாவம், ஒடம்புக்கு முடியாத கொழந்தையாட்ட இருக்குது” என்றார் வேல்குமார். நாற்காலியைவிட்டு எழுந்தார். “அந்தக் கொழந்தைய நான் பாக்கோணும். பேரு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், கையெடுத்துக் கும்புட்டுட்டு வந்தர்றேன். எங்கிருக்குதுங்க வெள்ளியங்கிரி?”

ராஜவேல் படிவத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். வெள்ளியங்கிரி தலையைச் சொறிந்தார்.

“கார்லதானுங்க உக்காந்திருக்காரு, மொட்டையில முடி மொளைக்கிற வரைக்கும் அந்தக் கேமரா தன்னைய நம்பாதுன்னு ஊட்டுக்கார அம்மாகிட்டக் கெஞ்சிக் கையெழுத்து வாங்குனவரு, ‘உள்ள என்னையப் பேச உட்டாங்கன்னா எறங்கறேன், இல்லீன்னா எழுதிக்கறேன்’னு சொல்லச் சொன்னாருங்க, பெரிய மொதலாளி.”